ஒரே பெயரில் இரண்டு போன்

பதினொன்று ஐந்துக்கு அந்த இரண்டு பெண்களும் என் டைப்பிங் கடைக்குள் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும், இரண்டு மணிக்குத்தான் திரும்பி வரும். மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரகடம் போய், அங்கே பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆக, என் கையில் இருந்தது ஐம்பத்தைந்து நிமிஷம்.

"நேத்தே வர்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன். கத்தாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது, படப்பைக்கே தெரியும்.

"போன் சர்வீஸ் கடைக்காரர் நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆகும் ஆகும்னு சொல்லிட்டே இருந்தாருக்கா. ராத்திரி ஏழு மணிக்குக் கைய விரிச்சிட்டாரு" என்றாள் சந்தனமாரி. இடது கையால் போனை என் மேஜையில் வைத்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்திருந்தாள். அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது.

அவளுடைய மனுவை அடித்துக் கொடுத்தவள் நான்தான். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓ.டி.க்கு வரச் சொல்லி சூப்பர்வைசர் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். கேட்டில் பெயர் எழுதாமல் நேராக உள்ளே வா என்று அதிலேயே சொல்லியிருக்கிறான். போனாள். பிரஸ் மெஷின் விரலை எடுத்துக்கொண்டது. அப்புறம் கம்பெனி, அந்தப் பெண் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, கேட் ரிஜிஸ்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. அவள் வந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த மெசேஜ். போன விசாரணையில் அதிகாரி, நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி அதைக் காகிதத்தில் கொண்டு வா, இல்லாவிட்டால் இந்த ஃபைலை நான் மூட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

மெசேஜ் போனுக்குள் இருந்தது. போனில்தான் ஒன்றும் தெரியவில்லை. அவள் மயங்கி விழுந்தபோது பாக்கெட்டில் இருந்த போன் மெஷினின் இரும்புக் காலில் மோதி, டிஸ்ப்ளே மாட்டுகிற சாக்கெட் பிய்ந்துவிட்டது. புது டிஸ்ப்ளே வாங்கிப் போட்டாலும் எரியாது. கேபிள் சொருகுகிற வாயும் உள்ளே போய்விட்டது. பட்டன்கள் மட்டும் வேலை செய்தன. ஆன் செய்தால் ஒருமுறை அதிரும், அவ்வளவுதான்.

"ப்ளூடூத்ல எடுக்கலாம்னு அந்தக் கடைக்காரரு சொன்னாரு. அவருகிட்ட அதுக்கு உள்ளது இல்லையாம்" என்றாள் கூட வந்தவள். இசக்கிசெல்வி. ஒரே ரூமில் தங்கி, ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவள். மாரிக்குப் பஸ் ஏற, பை தூக்க, பணம் எண்ணிக் கொடுக்க எல்லாம் இவள்தான். இவளைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதையே இருந்தது. எத்தனை பேர் இப்படிக் கூட நிற்பார்கள்.

என்னிடமும் அதற்கு உள்ளது இல்லை. என் கம்ப்யூட்டர் 2004-ல் வாங்கியது. ரேஷன் கார்டு மனு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் ஃபாரம், இவற்றைத் தவிர வேறெதையும் அது பார்த்ததில்லை. வயர் இல்லாமல் ஒரு போனோடு பேச முடியும் என்பதே அதற்குத் தெரியாது. டிராயரில் ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு ப்ளூடூத் டாங்கிள் கிடந்தது. நகத்தளவு சாமான். புது விண்டோஸ் உள்ள மெஷினுக்குத்தான் என்று அட்டையிலேயே போட்டிருந்தான். பார்க்காமல் வாங்கி வந்து, திருப்பிக் கொடுக்கச் சோம்பல்பட்டுப் போட்டு வைத்திருந்தேன்.

சொருகினேன். 'தெரியாத சாதனம்' என்றது கம்ப்யூட்டர். எடுத்துத் துடைத்து மறுபடி சொருகினேன். மறுபடியும் அதையே சொன்னது. மணி பதினொன்று பன்னிரண்டு.

"ஆவாதாக்கா?" என்றாள் மாரி.

"சும்மா இரு, கேட்டுக்கினே இருந்தா ஒண்ணும் ஓடாது."

இந்த மாதிரி வம்பு பிடித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், அவர்கள் எங்காவது இன்டர்நெட்டில் எழுதி வைத்திருப்பார்கள் என்று தேடினேன். இருந்தார்கள். விஷயம் இதுதான். பழைய விண்டோஸுக்குள் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கிறது. எந்தெந்த டாங்கிளை உள்ளே விடலாம் என்று அதில் வரிசையாக எண் போட்டு வைத்திருக்கிறான். அந்த வரிசையில் எண் இல்லை என்றால், சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விடாது. கோப்பைத் திறந்து, நம் டாங்கிளின் எண்ணை நாமே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், வாயை மூடிக்கொண்டு விட்டுவிடும். ஒரு எழுத்து தப்பினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காமலே போகலாம் என்றும் கீழே ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு, படிக்காத மாதிரி வைத்துக்கொண்டேன்.

எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ரீஸ்டார்ட். என் கம்ப்யூட்டர் படுத்து எழுந்திருக்க நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷமும் மூன்று பேரும் கறுப்பாக இருந்த மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். வந்ததும் மறுபடி 'தெரியாத சாதனம்'. வரியை மேலிருந்து கீழே படித்தேன். பூஜ்யம் போட வேண்டிய இடத்தில் 'ஓ' போட்டிருந்தேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். திருத்தி, மறுபடி ரீஸ்டார்ட். மணி பதினொன்று இருபத்தெட்டு.

இந்தத் தடவை மூலையில் நீலமாக ஒரு சின்னப் படம் முளைத்தது. போனில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு இழுக்கிற, போன் கம்பெனிக்காரனின் சின்க் மென்பொருளை இறக்கிப் போட்டேன். அதில் 'வயர் இல்லாமல் இணை' என்ற பட்டன் மங்கலாகவே இருந்தது, பிறகு டாங்கிளைக் கண்டுகொண்டு கறுத்தது. ஒன்பது வருஷத்துக் கிழம், புதுப் பழக்கம் ஒன்று கற்றுக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் டீ சொல்லத் தோன்றியது. நேரம் இல்லை.

அடுத்தது போன். அதில் ப்ளூடூத்தை ஆன் செய்ய வேண்டும், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். திரையே இல்லாத போனில் எதைப் பார்த்து அமுக்குவது என்று நான் விழித்தேன்.

"அது கஷ்டமில்லக்கா. எங்கிட்டயும் இதே போன்தான" என்றாள் இசக்கிசெல்வி.

போன ஆயுத பூஜைக்கு, சுண்டலும் ஸ்வீட் பாக்ஸும் மட்டும் கொடுக்கிற கம்பெனி, அந்த ஒரு வருஷம் காண்ட்ராக்ட் ஆட்கள் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே மாடல் போன் கொடுத்திருந்ததாம். லைனில் முன்னூறு பேர் கையிலும் அதே கறுப்பு போன். மாரியின் பேட்டரியைக்கூட இசக்கிசெல்விதான் தினமும் தன் போனில் மாட்டிச் சார்ஜ் ஏற்றித் தந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் இந்த இரண்டு மாதமாக ஒரு வித்தை பழகி வைத்திருந்தார்கள். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இசக்கிசெல்வி தன் போனில் ஒரு பட்டனை அமுக்கினால், மாரியும் தன் செத்த போனில் அதே பட்டனை அமுக்குவது. இதில் என்ன தெரிகிறதோ அதுதான் அதிலும் தெரியும் என்று வைத்துக்கொள்வது. வீட்டுக்குப் போன் செய்வதெல்லாம் அப்படித்தானாம். அசெம்பிளி லைனில் வேலை செய்கிற கைகள், ஒரு அமுக்குகூட முன்னே பின்னே போகவில்லை.

"மெனு. வலது ரெண்டு. ஓகே. கீழ மூணு. ஓகே" என்று இசக்கிசெல்வி சொல்லிக்கொண்டே அமுக்கினாள். மாரி இடது கட்டைவிரலால் அமுக்கினாள். "ப்ளூடூத் ஆன். எல்லாருக்கும் தெரியணுமான்னு கேக்குது. ஆமா குடு."

கம்ப்யூட்டரில் தேடு என்று தட்டினேன். வட்டம் சுற்றியது. பிறகு போன் மாடலின் பெயர் வந்தது. அதன் கீழேயே அதே பெயர் இன்னொரு முறை வந்தது. என் கிழட்டு மெஷின் பிரிண்டரையே சில நாள் இரண்டாகக் காட்டும். அந்த எரிச்சலில் யோசிக்காமல் மேலே இருந்ததைத் தட்டினேன்.

"கேக்குதுக்கா. நம்பர் கேக்குது" என்றாள் இசக்கிசெல்வி, தன் போனைப் பார்த்து.

"நாலு பூஜ்யம் போடு. ரெண்டு பேரும் போடுங்க."

போட்டார்கள். இரண்டு பேரும் 'ஆமாம்' கொடுத்தார்கள். கேட்பது அந்தப் போனில், அமுக்க வேண்டியது இந்தப் போனில் என்று பழகிப்போனவர்களுக்கு, எது யாரைக் கேட்டது என்ற சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை. கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பத்து சதவீதம், முப்பது, முப்பதிலேயே நின்றுகொண்டு உயிரை வாங்கியது, பிறகு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. மணி பதினொன்று நாற்பத்தொன்று.

மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் ஜூன் மாதத்துக்குப் போனேன். சண்முகசுந்தரம் சார் என்ற பெயர் கண்ணில் பட்டதும் அங்கேயே நிறுத்தினேன். அந்தச் சூப்பர்வைசர்தான் அவன். மாரியின் கண்ணெதிரே அதைப் படித்துக் காட்டும் சந்தோஷத்தை விட மனசில்லை. ஆங்கில எழுத்தில் அடித்திருந்த தமிழை உரக்கப் படித்தேன்.

"கேளு. ஜூன் பதினேழு, காலைல ஒன்பது பத்து. சந்தனமாரி ஞாயிறு வேலைக்கு வரலைன்னு எழுதி ஹெச்.ஆர்.ல குடு. உன் பேர் பர்மனென்ட் லிஸ்ட்ல நான் போடறேன்."

படித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினேழு, திங்கட்கிழமை. அன்றைக்கு மாரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கே அவளைப் பற்றி எவன் மெசேஜ் அனுப்புவான்? அடுத்த வரி, அதற்குப் போன பதில். அதை நான் உரக்கப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை, மாரி என் தோளுக்கு மேலாகக் குனிந்து தானே படித்தாள். 'எழுதிக் குடுத்துட்டேன் சார்.'

இசக்கிசெல்வி தன் போனைப் பார்த்தாள். ஒரே பெயரில் வந்த இரண்டில் நான் தட்டியது அதைத்தான். அதன் மூலையில் ப்ளூடூத் அடையாளம் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. சட்டென்று பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினாள். பிடுங்கி என்ன பயன்? எல்லாம் என் கம்ப்யூட்டருக்குள் வந்தாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். இரண்டு மாதமாக இவளைப் பார்த்து மரியாதை வேறு வைத்திருந்தேன் பாருங்கள், அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"இன்னாம்மா இது? கூடவே சுத்திகினு..."

"அக்கா, நீங்க இருங்க" என்றாள் மாரி. குரல் உயரவில்லை. இசக்கிசெல்வியிடம் திரும்பினாள். "ஏட்டி, அன்னிக்கு நீ பாக்கிங் செக்ஷன்ல இருந்தே. சத்தம் கேட்டு வாரதுக்குள்ள என்னய வண்டில ஏத்திட்டாவ, ஒண்ணும் பாக்கலன்னு சொன்னே. சரின்னு விட்டேன். சாட்சிக்கு வான்னு உன்னயக் கூப்பிட்டனா?"

"இல்ல."

"உன் வேலை போயிரும்னுதான் கூப்பிடல."

இசக்கிசெல்வி தரையைப் பார்த்தாள். "நாலு வருசம் காண்ட்ராக்ட் மாரி. ஒண்ணாந் தேதில இருந்து பேரு லிஸ்ட்ல வருதுன்னு ஊருக்குச் சொல்லிட்டேன். உனக்கு மெசேஜ் இருக்குல்ல, எப்படியும் நீ ஜெயிச்சிருவேன்னுதான் எழுதிக் குடுத்தேன். அப்புறம் உன் போன் இப்படிக் கெடக்குன்னு தெரிஞ்சிது." பிடுங்கிய பேட்டரியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். "அதான் அதை எப்படியாவது எடுத்துரணும்னு கூட அலைஞ்சேன். சத்தியமா."

அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. மாரியின் போனை இனி இணைத்துப் பார்க்கலாமா என்று தட்டினேன். வரிசையில் அதன் பெயர் இல்லை. மாரி ஆன் பட்டனை அமுக்கிப் பார்த்தாள், அதிரவில்லை. காலையிலிருந்து ஆனிலேயே கிடந்து பேட்டரி தீர்ந்திருந்தது. இசக்கிசெல்வியின் கையில் இருந்த பேட்டரியை வாங்கி நானே மாட்டினேன். அதிர்ந்தது. ஆனால் பார்த்து அமுக்க இப்போது பக்கத்துப் போன் உயிரோடு இல்லை. மாரி மனப்பாடமாக அமுக்கினாள். எங்கேயோ ஒரு அமுக்கு தப்பியது. மறுபடி முதலிலிருந்து அமுக்கினாள். கம்ப்யூட்டர் தேடித் தேடி, ஒன்றும் இல்லை என்று சொன்னது. பதினொன்று ஐம்பத்து மூன்று.

"மாரி, இதையே பிரின்ட் போட்டுரலாம். உன் மெசேஜவிட இது ஸ்ட்ராங்கா கீது. வேலைக்கு வராதவள வரலைன்னு எழுதிக் குடுக்க எதுக்குப் பேரம்?" என்றேன்.

"என் நம்பர் மேல வருதுல்லக்கா" என்றாள் இசக்கிசெல்வி. "அத மட்டும் அழிச்சிட்டுப் போடுங்க. உங்க கால்ல விழுதேன்."

"நம்பர் இல்லாம போட்டா அது மளிகைக் கடை சீட்டு. எவன் நம்புவான்?"

இரண்டு பேரும் மாரியைப் பார்த்தோம். சொல்ல வேண்டியவள் அவள். நஷ்ட ஈடு அவளுடையது, கை அவளுடையது, தோழியும் அவளுடையவள். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஒரகடம் ஒரகடம் என்று கத்திக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் போய் அடக்கிவிட்டு வரலாம் போல இருந்தது.

"நம்பரோட போடுங்கக்கா" என்றாள் மாரி.

பட்டனை அழுத்தினேன். பிரிண்டர் முக்கி முனகி, ஒரு தாளைப் பாதி இழுத்து நின்றது. தட்டினேன். மீதியையும் இழுத்து வெளியே தள்ளியது. இரண்டாவது காப்பி பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. இரண்டு நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிட்டான் பாவி. கையில் ஒரே ஒரு தாள்.

மாரி அதை மடித்துப் பையில் வைத்தாள். "நீயும் வா ஏட்டி" என்றாள். "நீ வந்து உன் வாயால சொன்னாத்தான் இது சாட்சி. வராட்டி களவாண்ட பேப்பருன்னு தூக்கிப் போட்டுருவாவ. வரணும்னு சொல்லல. வராட்டி என்ன ஆகும்னு சொல்லுதேன்."

கரண்ட் இல்லாத கடையில் எனக்கு என்ன வேலை, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால், இசக்கிசெல்வியும் வந்து டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரகடத்தில் இறங்கி ஓடிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸிலும் ஏறினாள். ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே வந்து கம்பெனிப் பக்கம்தான் பேசப்போகிறாள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூன்று மணிக்கு அதிகாரியின் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஹெச்.ஆர். ஆள் ஃபைலோடு உட்கார்ந்திருந்தான். இசக்கிசெல்வியைப் பார்த்ததும், தன் சாட்சி தானாகவே வந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டான். அவள் உட்காரவில்லை.

அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். "இந்த நம்பர் யாருது?"

"என்னுது சார்."

"கம்பெனி ஃபைல்ல இருக்கிற லெட்டர்ல கையெழுத்து?"

"அதுவும் என்னுதுதான்."

ஹெச்.ஆர். ஆள் முந்திக்கொண்டான். "சார், இந்தப் பொண்ணு பாக்கிங் செக்ஷன். பிரஸ் பக்கமே போகாது. ஃப்ரெண்டுக்காக இப்ப என்ன வேணும்னாலும் சொல்லும். அங்க என்ன நடந்துச்சுன்னு இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி அவளைப் பார்த்தார். நான் கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். மாரி அவளைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும் சார்" என்றாள் இசக்கிசெல்வி. "மெஷினுக்கு அடில கெடந்த அவ வெரல் ரெண்டையும் பொறுக்குனது நாந்தான்."

மாரி அப்போதுதான் திரும்பினாள். மயங்கிக் கிடந்தவளுக்கு அது தெரியாது, அன்றிலிருந்து இன்று வரை யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை.

"எதுல போட்டே?" என்று கேட்டாள்.

"பாக்கிங் கவர்ல."

ஹெச்.ஆர். ஆள் ஃபைலை மூடினான். அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.